விருப்பமானதைக் கொண்டுபோங்கோ

ரொறன்ரோத் தமிழ்ச் சனத்திடம் நான் முயல் வளர்க்கிறேன் என்று சொல்வதும் பூனையிடம் போய் மீன் வளர்க்கிறேன் என்று சொல்வதும் ஒன்றுதான். "அப்பிடியோ, எத்தனை கிலோ வரும்?" என்பதுதான் முதல் கேள்வி. கோயிலில் கேட்டிருக்கிறார்கள், வேலையிடத்தில் கேட்டிருக்கிறார்கள், என் வாய்க்குள் கருவியை விட்டபடி பல் வைத்தியரும் கேட்டிருக்கிறார். அந்த நேரம் எனக்குப் பதில் சொல்ல வாய் இல்லாததால் அவர் தப்பினார்.

எங்கள் வீடு ஸ்காபரோவில், வரிசை வீடுகளில் ஒன்று. வீட்டுக்கு அடியில் இருக்கிற பேஸ்மென்ரில், உடுப்புத் தோய்க்கிற மெசினுக்குப் பக்கத்தில் ஐந்து கூடுகள் வைத்திருக்கிறேன். எல்லாம் காது தொங்குகிற சின்னச் சாதி. பெண் மூன்று, ஆண் இரண்டு. என் கணவர் றொய்சனின் மாமிமார், சித்தப்பாமாரின் பெயர்களைத்தான் அவற்றுக்கு வைத்திருக்கிறேன்: பிலோமினா, மார்த்தா, திரேசம்மா, டொமினிக், சூசைப்பிள்ளை. அவருடைய சொந்தத்தில் எனக்குப் பிடித்தது இந்த ஐந்தும்தான்.

வருடத்தில் இரண்டு தரம், மிஞ்சினால் மூன்று தரம் குட்டி போட விடுவேன். எட்டு வாரம் முடிந்த பிறகு வளர்க்கிற வீடுகளுக்குக் கொடுப்பேன். கேட்கிற எல்லாருக்கும் கொடுக்க மாட்டேன். தொலைபேசி எடுத்தால் முதலில், "என்ன பேர் வைக்கப் போறீங்கள்?" என்று கேட்பேன். வளர்க்கிற வீடென்றால் பின்னால் ஒரு பிள்ளை "ஓரியோ! ஓரியோ!" என்று கத்தும். கறிக்காரர் என்றால், "பேரோ? ஏன் தங்கச்சி, பேர் என்னத்துக்கு?" என்பார். அதோடு நான் வைத்துவிடுவேன். உயிர்த்த ஞாயிறான பாஸ்காவுக்கு முன்னால் ஒரு மாதம் யாருக்குமே கொடுக்க மாட்டேன். பண்டிகைக்குச் சொக்லேற்றோடு சேர்த்துப் பிள்ளைக்கு முயலும் வாங்கிக் கொடுத்துவிட்டு, ஜூன் மாதம் பார்க்கில் கொண்டுபோய் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். போன வருடம் அப்படி விட்ட ஒன்றை நானே எங்கள் தெருவுக்குப் பின்னால் முழங்காலில் தவழ்ந்து பிடித்தேன். திரேசம்மா அப்படி வந்தவள்தான்.

எனக்கு, இந்த அன்ரனெற்றுக்கு, வாய் பொல்லாது என்று ஊர் சொல்லும். சொல்லட்டும். தவளை தன் வாயால் கெடும் என்பது மற்றவர்களுக்கு என்றுதான் இந்தப் பாஸ்கா வரைக்கும் நினைத்திருந்தேன்.

கிறிஸ்துநாயகம் அண்ணை றொய்சனின் மூத்த தமையன். பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் தமிழ்நாட்டில் அகதி முகாமில் கிடந்த எங்கள் இரண்டு பேரையும், தன் கோயில் ஆட்களைச் சேர்த்து ஸ்பொன்சர் செய்து இங்கே கூப்பிட்டவர். விமான நிலையத்துக்கு இரண்டு தடித்த ஜக்கெற்றுகளோடு வந்து நின்றார். முதல் பனிக்காலம் முழுக்க அவர் வீட்டு பேஸ்மென்ரில்தான் இருந்தோம், அவர் ஒரு சொல் குறைவாகச் சொன்னதில்லை. அதனால் அவருக்கு 'இல்லை' என்ற சொல் எங்கள் வீட்டில் கிடையாது. இப்போது பிக்கரிங்கில் மகன் மரியோ வீட்டில் இருக்கிறார். இரண்டு வருடத்துக்கு முன் அவருடைய மனைவி செத்துப்போனா. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்த கையோடு எங்களிடம் மத்தியானச் சாப்பாட்டுக்கு வருவார். மற்றவர்களைக் கடித்துக் குதறுகிற என் வாய் அவருக்கு முன்னால் வெண்ணெயாக உருகும்.

பாஸ்கா ஞாயிறும் வந்தார். மேலே குளியலறைக்குள் மகள் மெலனி இருந்தாள். அவள் உள்ளே போனால் ஒரு மணித்தியாலம். அதனால் அண்ணை கீழே இருக்கிற சின்னக் குளியலறைக்கென்று பேஸ்மென்ருக்கு இறங்கிப் போனார். முயல் இருப்பது அவருக்குத் தெரியும், ஆனால் அன்றுதான் முதல்முறை கண்டார். திரும்பி ஏறி வரும்போது முகமெல்லாம் சிரிப்பு.

"பிள்ளை, என்ன கொழுத்த முயலுகள்! நாப்பது நாள் தவக்காலம் இறைச்சி தொடேல்லை நான். முயல் திண்டு எத்தினை வருசம்!"

எங்கள் ஆட்களிடம் ஒரு ஒழுங்கு உண்டு. வீட்டுக்கு வந்தவர் ஒரு பொருளைப் பார்த்து நல்லது என்று சொன்னால், "விருப்பமெண்டால் கொண்டுபோங்கோ" என்று வீட்டுக்காரர் சொல்ல வேண்டும். "சீச்சீ, சும்மா சொன்னனான்" என்று வந்தவர் சொல்ல வேண்டும். மூன்று தரம் வற்புறுத்தினால்தான் உண்மையாகவே தருகிறார்கள் என்று கருத்து. என் மாமி ஒருத்தி தன் தையல் மெசினை இப்படி முப்பது பேருக்காவது கொடுத்திருப்பா. மெசின் கடைசி வரைக்கும் அவவின் வீட்டில்தான் இருந்தது.

"அதுக்கென்ன அண்ணை," என்றேன் நான், இறால் பொரியலை அவருடைய சாப்பாட்டுக் கோப்பையில் வைத்தபடி. "விருப்பமானதைக் கொண்டுபோங்கோ."

"அப்ப ஒண்டைக் கொண்டுபோறன் பிள்ளை," என்றார் அண்ணை.

கரண்டி என் கையிலேயே நின்றது. சீச்சீயும் இல்லை, சும்மாவும் இல்லை. சந்தோசமாக இறாலைத் தின்றார். அஜக்ஸில் இருக்கிற சிநேகிதர் ஒருவர் நன்றாக உரித்து வெட்டுவாராம், நாளைக்குப் பதினொரு மணிக்கு வரச் சொல்லலாமாம். நான் றொய்சனைப் பார்த்தேன். அவர் கோப்பையைப் பார்த்தார்.

சாப்பாடு முடிந்ததும் றொய்சன் ஒரு வாழைப்பழப் பெட்டியை எடுத்துக்கொண்டு அண்ணையோடு கீழே இறங்கினார். நான் போகவில்லை. கோபத்தில் சட்டி கழுவினேன். எல்லாரையும் கடிக்கிற கிழட்டு டொமினிக்கைக் கொடுப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதற்கே சட்டியை இன்னும் உரக்கத் தேய்த்தேன். அண்ணை பெட்டியோடு வாசலில் நின்று, "போட்டு வாறன் பிள்ளை," என்றபோது சிரித்துக் கையும் காட்டினேன். நான் ஒரு விசரி.

கார் போன பிறகு கீழே இறங்கினேன். டொமினிக் தன் கூட்டில் வைக்கோல் சப்பிக்கொண்டிருந்தான். பிலோமினாவின் கூடு திறந்து கிடந்தது.

"என்ர அந்தோனியாரே!" என்று நான் கத்தியது மேலே மெலனிக்குக் கேட்டிருக்கிறது.

பிலோமினா குட்டி போட்டு ஒன்பது நாள். ஏழு குட்டிகள், இன்னும் கண் திறக்கவில்லை. முதல் ஈற்றில் அவள் ஏதோ சத்தத்துக்கு வெருண்டு பெட்டிக்குள் பாய்ந்து இரண்டை மிதித்துக் கொன்றவள். அதனால் இந்த முறை குட்டிப் பெட்டியைத் தனியாக, வீட்டைச் சூடாக்குகிற மெசின் அறைக்குள் தட்டில் வைத்திருந்தேன். தாய் முயல் பசுவைப்போல நாள் முழுக்கப் பால் கொடுப்பதில்லை. ஒரு நாளைக்கு ஒரு தரம், மூன்று நான்கு நிமிடம், அவ்வளவுதான். காலை ஆறு மணிக்குப் பெட்டியை அவளிடம் கொண்டுபோவேன், குடித்து முடிய எடுத்துவிடுவேன். அடுத்த பால் திங்கள் காலை ஆறு மணிக்கு. மற்ற இரண்டு பெண்ணும் இந்த முறை குட்டி போடாதவை, அவற்றிடம் பால் இல்லை. கடைப்பால் கரைத்துக் கொடுத்து வளர்க்கலாம் என்று இன்ரநெற்றில் எழுதியிருக்கிறார்கள். முந்தி ஒருமுறை அப்படி நான்கு குட்டிக்குக் கொடுத்து, நான்கையும் என் கையாலேயே புதைத்தேன்.

"குட்டி போட்டவளை ஏன் குடுத்தனீங்கள்?" என்று றொய்சனைப் பிடித்தேன்.

"அண்ணை அதைத்தான் காட்டினவர். கூட்டுக்குள்ள குட்டி இல்லை, நான் என்னத்தைக் கண்டன்?"

"ஒன்பது நாளா விடிய எழும்பிப் பெட்டி தூக்கிக்கொண்டு திரியிறன், ஆருக்கெண்டு நினைச்சனீங்கள்?"

"நீர்தானே வாய் திறந்து கொண்டுபோங்கோ எண்டனீர்!"

அவர் சொன்னது சரிதான். அதனால் இன்னும் சத்தம் போட்டேன். அண்ணைக்கு அழைத்துப் பார்த்தேன். அவர் கைபேசியைப் பூசைக்காக அணைத்தால் திங்கட்கிழமைதான் திரும்பப் போடுவார். மரியோவும் அவன் மனைவி செரீனாவும் மொன்றியலுக்குப் போயிருந்தார்கள். காரை எடுத்துக்கொண்டு பிக்கரிங் போகிறேன் என்றபோது றொய்சன் கார்த் திறப்பைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"குடுத்ததைத் திருப்பிக் கேக்கிறதோ? அதுவும் அவரிட்டையோ? தலை போனாலும் விடமாட்டன். குட்டியள் செத்தால் இன்னொரு முறை போடும்."

"அம்மா, ஆர் யூ சீரியஸ்?" என்றாள் மெலனி. "ஏன் நோ எண்டு சொல்லேல்லை? எல்லாருக்கும் நோ சொல்லுறீங்கள்தானே."

அவளுக்கு ஜக்கெற்றும் விமான நிலையமும் எப்படி விளங்கும்? கீழே போய்க் குட்டிப் பெட்டிக்குள் கை வைத்தேன். ஏழும் சூடாக, ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. அழுதேன். முயலுக்கு அழுகிறாளே என்று யாரும் நினைத்தால் நினைக்கட்டும்.

திங்கள் காலை ஐந்து மணிக்கு றொய்சன் வேலையிடச் சிநேகிதரின் வான் வண்டியில் பிறம்ரனுக்கு வேலைக்குப் போய்விட்டார். நான் தேத்தண்ணி போடக் குசினிக்குள் போனேன். கார்த் திறப்பு வழமையான ஆணியில் இல்லை. என் தேத்தண்ணிக் கோப்பைக்குப் பக்கத்தில் இருந்தது. ஒரு சொல் சொல்லாமல் வைத்துவிட்டுப் போயிருந்தார். நேற்று முழுக்க அவரைத் திட்டியதில் பாதியை மனதுக்குள் திருப்பி எடுத்துக்கொண்டேன்.

ஆறு மணிக்குப் பெட்டியைத் திறந்தபோது குட்டிகளின் வயிறு சுருங்கித் தோல் மடிந்திருந்தது. கடைசிக் குட்டி, எல்லாவற்றிலும் சின்னது, அசைவே குறைவு. ஏழரைக்குப் பிக்கரிங்கில் அண்ணையின் கதவைத் தட்டினேன்.

இடுப்பில் கட்டின சாரத்தோடு வந்து திறந்தார். "வா பிள்ளை! என்ன இந்த விடியக் காத்தால? இரு, தேத்தண்ணி போடுறன்."

"தேத்தண்ணி வேண்டாம் அண்ணை. முயல் இருக்கோ?"

"குளிக்கிற தொட்டிக்குள்ள விட்டிருக்கிறன். கரட் குடுத்தன், தொடேல்லை. அவன் பதினொண்டுக்கு வாறான்."

வாசலிலேயே நின்றபடி சொன்னேன்: "அண்ணை, அதை எனக்குத் திருப்பித் தாங்கோ. அது குட்டி போட்டுப் பத்து நாள். ஏழு குட்டி பசியில கிடக்குது."

"குட்டியோ? ஐயோ மாதாவே! ஏன் பிள்ளை நேற்றே சொல்லேல்லை? நீதானே விருப்பமானதைக் கொண்டுபோங்கோ எண்டு சொன்னனீ!"

"அது உபசாரத்துக்குச் சொன்னது அண்ணை. நீங்கள் வேண்டாமெண்டு சொல்லுவீங்கள் எண்டு நினைச்சன்."

"நான் ஏன் வேண்டாமெண்டு சொல்லோணும்? எனக்கு வேணும்தானே." உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டார். "வேற ஆக்களெண்டால் சரி. நீ என்னட்ட உபசாரம் பாப்பாயெண்டு எனக்குத் தெரியாது."

குளியலறைக்குப் போய் பிலோமினாவைத் தானே தூக்கி வந்து அந்த வாழைப்பழப் பெட்டிக்குள் வைத்தார். காருக்குள் பெட்டியை ஏற்றிக் கதவை மூடினேன். அவர் யன்னல் பக்கமாகச் செருப்பில்லாமல் வந்து நின்றார். ஏப்ரல் மாதத்துக் குளிர்.

"அன்ரனெற், ஒண்டு கேக்கட்டே? ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு... அதுவும் உபசாரமோ?"

அவருடைய மனைவி செத்த முப்பத்தோராம் நாள் நினைவு வீட்டில், கோப்பைகளை அடுக்கியபடி நான்தான் சொன்னேன், "ஞாயிற்றுக்கிழமையில எங்களிட்ட வந்து சாப்பிடுங்கோ அண்ணை" என்று. அன்று ஒரு வாய்ப்பேச்சாகத்தான் சொன்னேன். அடுத்த ஞாயிறு பன்னிரண்டு மணிக்கு அவர் வாசலில் நின்றார். முதல் மாதங்களில் மெலனியிடம் முணுமுணுத்துமிருக்கிறேன், எனக்கு இருக்கிற ஒரே லீவு நாள் என்று. இப்போது அப்படி இல்லை. சனிக்கிழமை கடைக்குப் போனால் அவருக்குப் பிடித்த மீனைத்தான் முதலில் தேடுகிறேன். ஆனால் அதை எப்படிச் சொல்வது? "ஐயோ அண்ணை, கட்டாயம் வாங்கோ" என்று வாய் வரைக்கும் வந்தது. நேற்று முயலைக் கொடுத்த அதே குரல். அதை இப்போது சொன்னால் அந்த மனுசன் எப்படி நம்புவார்? பத்தொன்பது வருடமாக நல்ல சொல் எல்லாவற்றையும் சும்மா சும்மா செலவழித்துவிட்டு, தேவைப்பட்ட நேரத்தில் கையில் ஒன்றும் இல்லாமல் நின்றேன்.

"குட்டியளுக்குப் பால் குடுக்கோணும் அண்ணை," என்று சொல்லிக் காரை எடுத்தேன். கண்ணாடியில் பார்த்தபோது அதே இடத்தில்தான் நின்றார்.

வீட்டுக்கு வந்ததும் பிலோமினாவைக் கூட்டுக்குள் விட்டுக் குட்டிப் பெட்டியை வைத்தேன். அவள் பெட்டியைத் திரும்பிப் பார்க்கவில்லை. மூலையில் ஒட்டிக்கொண்டு பின்காலால் தட்டிக்கொண்டிருந்தாள். கார், தொட்டி, அந்நியர் மணம், எல்லாம் சேர்ந்து அவளை வெருட்டியிருந்தன. கால் மணித்தியாலம் பார்த்தேன். தூக்கி மடியில் வைத்தேன். உதைத்து என் கையைக் கீறிவிட்டுப் பாய்ந்தாள். இப்படியான நேரத்தில் ஒரு ஆள் துணியால் கண்ணை மூடி அமத்திப் பிடிக்க வேண்டும், மற்ற ஆள் குட்டிகளை ஒவ்வொன்றாக முலையில் வைக்க வேண்டும். மெலனி சோதனை எழுதப் போய்விட்டாள். றொய்சன் பிறம்ரனில். பக்கத்து வீட்டுக்காரருக்கு முயல் என்றாலே தும்மல். சின்னக் குட்டியின் கால் குளிர்ந்திருந்தது.

தொலைபேசியை எடுத்தேன். இந்த முறை மணி அடித்தது.

"அண்ணை, உடன வாங்கோ. எனக்கு இன்னொரு சோடிக் கை வேணும். இவள் பால் குடுக்கிறாளில்லை. நல்ல உடுப்புப் போடாதேங்கோ, மூத்திரம் பெய்வாள்."

"வாறன்," என்று வைத்துவிட்டார்.

இருபத்தைந்து நிமிடத்தில் அதே சாரத்தோடு வந்தார். கதவைத் திறந்துவிட்டு, வாங்கோ இருங்கோ ஒன்றும் சொல்லாமல் கீழே ஓடினேன். அவரும் பின்னால் வந்தார். உடுப்பு மெசினுக்குப் பக்கத்தில் நிலத்தில் சப்பாணி கட்டி உட்கார வைத்து, பிலோமினாவைத் துவாயால் சுற்றி மடியில் கொடுத்தேன்.

"இறுக்கிப் பிடியாதேங்கோ. ஆனா விடவும் கூடாது. உங்கட பெரிய விரலை எடுங்கோ, அவளுக்கு மூச்சு முட்டும்."

"சரி, சரி. ஏசாதை."

"கதைக்காதேங்கோ. அவள் வெருளுறாள்."

அண்ணை வாயை மூடினார். பெரிய கை, முயலின் தலையை முழுதாக மூடி அசையாமல் இருந்தது. முதல் இரண்டு குட்டியையும் வைத்தேன். அவள் ஒருமுறை உதறினாள், பிறகு அடங்கினாள். குட்டிகள் மோந்து மோந்து தேடிப் பிடித்தன. மற்ற நான்கையும் வைத்தேன். சின்ன வாய்கள் சப்புகிற சத்தம் கேட்டது. ஆறு குட்டிகளின் வயிறும் கண்ணுக்கு முன்னால் உருண்டு வந்தது. ஏழாவதை எத்தனையோ தரம் வைத்துப் பார்த்தேன். அது பிடிக்கவில்லை. உள்ளங்கையில் வைத்து ஊதிச் சூடாக்கினேன், கடைசியில் அது அசையாமல் போய்விட்டது.

"செத்துப்போச்சோ?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஓம்."

"என்னாலதான் பிள்ளை."

"இல்லை அண்ணை. என்ர வாயால." சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. "பிடிக்காததைப் பிடிக்கேல்லை எண்டு உங்களுக்குச் சொல்லப் பயந்தனான். அதாலதான்."

பிலோமினா அவர் மடியை நன்றாக நனைத்திருந்தாள். சாரத்தை உதறியபடி எழும்பினார். நான் கையைக் கழுவிக்கொண்டு சொன்னேன்: "நாளைக்கும் ஆறு மணிக்குப் பிடிக்க வேணும். இவள் சரிவரும் வரைக்கும் நீங்கள்தான் வரோணும். கறிக் கதை கதைச்சால் வாசலால ஏத்த மாட்டன். இண்டைக்குச் சாப்பிட ஒண்டும் இல்லை, நான் சமைக்கேல்லை. எனக்குக் களைப்பாக் கிடக்கு."

அவர் துவாயில் கையைத் துடைத்தார்.

"பாண் துண்டு ஏதும் இருக்கோ?"

"தெரியாது. பாருங்கோ."

படியேறிப் போனார். எங்கள் வீட்டில் அவர் தன் கையால் ஒரு தண்ணீர்ப் போத்தல்கூட எடுத்ததில்லை, எல்லாம் நான்தான் கோப்பையில் கொண்டுபோய் வைப்பேன். மேலே பிரிஜ் திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு அலுமாரிக் கதவு, பிறகு இன்னொரு கதவு.

"அன்ரனெற், பட்டர் எங்கை வைச்சிருக்கிறாய்?" என்று அண்ணை மேலேயிருந்து கத்தினார்.